ஆற்றுப்படையும் வடபுலப் பெருவழியும்

பயண நூல் போய் வந்தவன் எழுதுவது; ஆற்றுப்படை போகப் போகிறவனுக்குச் சொல்வது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, ‘சங்ககாலப் பயண இலக்கியம்’ என்று ஆற்றுப்படைக்குப் பெயர் சூட்டுவது நம் வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கு முற்றும் பொருந்துவதாகத் தெரியவில்லை. பயண நூலில் வழி முடிந்துவிட்டது. எழுதியவர் வீடு திரும்பிவிட்டார். ஆற்றுப்படையில் வழி இனிமேல்தான் தொடங்க இருக்கிறது. பரிசில் பெற்று மீள்கின்ற ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனை நிறுத்தி, எப்படிப் போக வேண்டும், எங்கே அஞ்ச வேண்டும், எங்கே உண்ணலாம், சேருமிடத்தில் யார் வரவேற்பார் என்று சொல்லி அனுப்புகிறான். இக்காலச் சொல்லில் கூறினால் அது ஒரு பயணத் திட்டம்.

அந்தத் திட்ட மரபு இன்று நம்மவர் மேற்கொள்ளும் ஒரு நெடுவழிக்கு எவ்வளவு தூரம் துணை வரும், எவ்விடத்தில் போதாமற் போகும் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட வழி, நார்வே நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள கிர்க்கனெஸ் நகரிலிருந்து அந்நாட்டின் தலைநகராகிய ஆஸ்லோ வரை, பின்லாந்து, ஸ்வீடன் என்னும் இரு நாடுகளை ஊடறுத்துச் செல்லும் சாலை. அவ்வளவு தொலைவிலுள்ள சாலை நமக்கெதற்கு என்று கேட்கலாம். அங்கே தமிழர் வாழ்கின்றனர் என்பதே விடை.

மலைபடுகடாம் சொல்லும் முறை

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திட்டம் என்ற அளவில் நுட்பம் மிகுந்தது, கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும் மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய இப்பாட்டில், நன்னனின் மலைநாட்டுக்குச் செல்லும் கூத்தர்க்கு வழியின் இயல்பு படிப்படியாகச் சொல்லப்படுகிறது. பன்றியைப் பிடிக்கக் குறவர் பொறி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஆதலால் இருளில் நடவாதீர், விடிந்தபின் செல்லுங்கள். யானையை ஓட்டத் தினைப்புனக் காவலர் கவண்கல் எறிவர். மரத்தின் பின் ஒதுங்கிச் செல்லுங்கள். பாசி படர்ந்து வழுக்கும் இடம் வரும்; பற்றுக்கோடு பற்றி நடவுங்கள். பொழுது சாய்ந்தால் குகையில் தங்குங்கள். இவையெல்லாம் வருணனைக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. வழிநடந்து கால் நொந்த ஒருவன், நடக்கப் போகும் இன்னொருவனுக்குக் கணக்காகச் சொன்னவை.

அப்பாட்டில் மற்றொரு செய்தி உண்டு. வழிகள் கலக்கும் சந்தியில், பின்னால் வருவோர் தடுமாறாதபடி, மண்ணைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுங்கள் என்று கூத்தர்க்குக் கூறப்படுகிறது. அவ்விடத்தில் அக்கூத்தரைப் புலவர் குறிக்கும் சொல் ‘புலம்பெயர்’ என்பதை அடையாகக் கொண்டது. ஈழத்தமிழரைப் பற்றி இன்று நாளிதழ்களில் நாம் படிக்கும் அதே சொல்.

சிறுபாணாற்றுப்படை ஊருக்கு ஓர் உணவைச் சொல்லும். எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிங்கறியிட்ட சோறு, ஆமூரில் நண்டோடு வெண்சோறு எனத் திணை மாற உணவும் மாறும். பெரும்பாணாற்றுப்படையோ மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் செல்லும் பெருவழியையும், அங்கே உல்கு பெறும் இடத்தையும், வில்லேந்திய காவலரையும் காட்டும். உல்கு என்பது சுங்கம். அக்காவலர் வணிகரைக் காப்பவர். பாணனை நிறுத்தி ‘நீ யார், உன் ஊர் எது’ என்று கேட்பதாகப் பாட்டில் இல்லை.

ஆற்றுப்படை கேளாத கேள்வி அது ஒன்றுதான். வழி, ஏதம், உணவு, தங்குமிடம் ஆகிய நான்கையும் அது கேட்கிறது. ‘உனக்கு அங்கே நுழைய உரிமை உண்டா’ என்று கேட்பதில்லை. ஆனால் சங்ககாலத்தில் அக்கேள்வியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புறநானூற்றின் 47-ஆம் பாட்டின் கொளு அதைச் சொல்கிறது. நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்டு உறையூருக்குள் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் பாடி அவனை உய்வித்தார். இளந்தத்தன் வந்த வழியில் குற்றமில்லை. வழி திறந்தே இருந்தது. வந்தவன் யார் என்பதற்குச் சான்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். இன்றைய தூதரகங்கள் கேட்கும் அழைப்புக் கடிதத்தையும் பொறுப்பேற்புக் கடிதத்தையும் பார்க்குந்தோறும் எனக்குக் கோவூர்கிழார் நினைவு வருவதுண்டு.

அட்டுவம்பட்டிக்கு மேற்கே ஒரு வழி

வடபுலம் செல்லுமுன் நம் மலையிலேயே ஓர் எல்லை வழியைப் பார்த்துக்கொள்வது நல்லது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்துள்ள அட்டுவம்பட்டியிலிருந்து மூணாறு போக ஒருவர் விரும்புகிறார் என்று கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் செல்லும் பயணம் அது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம், வந்தரவு, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாற்றுக்கு முன்பு ஒரு மலைச்சாலை இருந்தது. நூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் வழி. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் சென்னையைத் தாக்கினால் மேற்குக் கடற்கரைக்குத் தப்பிச் செல்லும் வழியாக 1942-இல் அது செப்பனிடப்பட்டது. அதனாலேயே ‘தப்பிக்கும் சாலை’ என்னும் பெயரும் அதற்கு ஏற்பட்டது. 1990-ஆம் ஆண்டோடு அச்சாலை மூடப்பட்டது. இன்று பேரிஜம் வரை செல்வதற்கே வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கப்பால் இருபுறமும் காப்புக்காடு.

ஆகவே அட்டுவம்பட்டிக்காரர் கொடைக்கானல் வந்து, பெருமாள்மலை வழியாகக் காட்ரோட்டுக்கு இறங்கி, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, போடிநாயக்கனூர் கடந்து, போடிமெட்டு ஏறி மூணாறு சேர வேண்டும். 150 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போக முழுமலையும் இறங்கி, மற்றொரு மலையை முழுதும் ஏற வேண்டியிருக்கிறது. இங்கே பயணியிடம் யாரும் அவர் யார் என்று கேட்பதில்லை. இந்தியக் குடிமகன் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குத் தடையின்றிச் செல்லலாம். உரிமை முழுமையாக இருக்கிறது, வழிதான் இல்லை.

இதை மனத்தில் இருத்திக்கொண்டு வடக்கே செல்வோம். அங்கே நிலைமை இதற்கு நேர்மாறு.

மீனும் தமிழரும்

நார்வேக்குச் சென்ற முதல் தமிழர் எனக் கருதப்படுபவர், யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம். 1956-இல் அங்குச் சென்ற அவர் மீன்பிடித் தொழிலில் ஈடுபாடு கொண்டு, பின்னர் நார்வே நண்பர்களின் துணையோடு ‘சீநோர்’ என்னும் நிறுவனத்தை 1967-இல் தோற்றுவித்து, யாழ்ப்பாண மீனவர்க்குப் படகும் வலையும் கிடைக்க வழிசெய்தார். அவரைத் தொடர்ந்து இளைஞர் சிலர் சென்றனர். பிறகு, வதிவிடக் கல்வி தரும் நாட்டுப்புற உயர்பள்ளிகளில் மாணவராகச் சேர்ந்தோர் பலர். 1983-ஆம் ஆண்டின் இனக்கலவரத்துக்குப் பின் சென்றோர் தொகை பெருகியது. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கிடைத்த இடம், வடகோடி ஃபின்மார்க் மாவட்டம். போட்ஸ்ஃபியூர், வார்டோ போன்ற துறைமுகச் சிற்றூர்களின் மீன்பதனிடும் ஆலைகளில் உள்ளூர் இளைஞர் வேலைக்கு வராத நிலையில், தமிழர் கத்தி பிடித்து மீன் அரிந்தனர். நெய்தல் நிலத்து மக்கள் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயும் நெய்தலிலேயே குடியேறினர் என்று சொன்னால் அது மிகையன்று. அங்கிருந்து பின்னாளில் ஆஸ்லோவுக்கும் பிற தென்னகரங்களுக்கும் பெயர்ந்தவர்களும் பலர். ஆதலால் வடக்கே சிலரும் தெற்கே பலருமாக உறவினர் பிரிந்து வாழ்கின்றனர். திருமணமும் இறப்பும் பண்டிகையும் அவர்களைச் சாலைக்குக் கொண்டுவருகின்றன.

கிர்க்கனெசிலிருந்து ஆஸ்லோவுக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, நார்வேயை விட்டு வெளியேறாமல் கடற்கரையை ஒட்டி இறங்கும் இ-6 என்னும் நெடுஞ்சாலை. அச்சாலை ஸ்வீடனின் தென்கோடியிலுள்ள டிரெல்லபோரியில் தொடங்கி, மூவாயிரம் கி.மீ.க்கு மேல் ஓடி, கிர்க்கனெசில் முடிகிறது. கடல் நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் கழிகளைச் சுற்றிச் சுற்றி வருவதால், இவ்வழியில் ஆஸ்லோ 2,400 கி.மீ.க்கும் அதிகம். மற்றொன்று, நைடன் என்னும் இடத்தில் எல்லை கடந்து பின்லாந்தின் நாத்தாமோ சேர்ந்து, இனாரி, இவலோ, ரோவனியெமி வழியாகத் தோர்னியோவில் ஸ்வீடனுக்குள் புகுந்து, லூலியோ, ஊமியோ, சுண்ட்ஸ்வால் என்று இறங்கி, மீண்டும் நார்வேக்குள் நுழைவது. இது சுமார் 1,900 கி.மீ. மிச்சம் 500 கி.மீ.க்கு மேல், அதாவது சென்னையிலிருந்து கோவைக்குச் செல்லும் தொலைவு. உள்நாட்டிலேயே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போவதற்கு வெளிநாட்டு வழியே குறுக்குவழி.

தாளும் சாலையும்

இந்தக் குறுக்குவழி எந்நேரமும் திறந்திருக்கிறது. வடபுல நாடுகள் 1950-களிலேயே தமக்குள் கடவுச்சீட்டுச் சோதனையை நீக்கிக்கொண்டன. 2001 மார்ச் 25 முதல் ஐந்து நாடுகளும் ஷெங்கன் உடன்பாட்டின்கீழ் வந்தன. நைடனில் எல்லை கடக்கும் ஓட்டுநர் வேகத்தைச் சற்றுக் குறைப்பார், பலகையில் நாட்டின் பெயர் மாறும், அவ்வளவே. கண்ணுக்கு எல்லை இல்லை. அதனால் எல்லையே இல்லை என்று எண்ணுவது பெரும் பிழையாக முடியும்.

ஒரு காரில் நான்கு தமிழர் ஆஸ்லோவில் நடக்கும் திருமணத்துக்குப் புறப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நார்வேக் குடியுரிமை பெற்றவர். ஒருவர் வதிவிட அட்டையும் இலங்கைக் கடவுச்சீட்டும் உடையவர். மூன்றாமவர் அகதியாக ஏற்கப்பட்டு, அகதிகளுக்குரிய பயண ஆவணம் பெற்றவர். நான்காமவர் புகலிடம் கோரி விண்ணப்பித்து, முடிவுக்காகக் காத்திருப்பவர். தற்காலிக வேலை அனுமதியோடு மற்ற மூவருடன் அதே ஆலையில் பணிபுரிபவர். முதல் மூவர்க்கும் பின்லாந்து வழி உண்டு. நான்காமவர்க்கு இல்லை. நார்வே எல்லைக்குள் தங்கித் தம் விண்ணப்பத்தின் முடிவை எதிர்நோக்கும் உரிமையே அவருக்குத் தரப்பட்டிருக்கிறது; அண்டை நாட்டுக்குள் நுழையும் உரிமை தரப்படவில்லை. பின்லாந்துக் காட்டிலோ ஸ்வீடன் சாலையிலோ காவலர் தற்செயலாக நிறுத்திக் கேட்டால் அவர் சட்டத்துக்குப் புறம்பாக நுழைந்தவர் ஆவார். டப்ளின் ஒழுங்குமுறையின்படி அவரது விண்ணப்பத்துக்குப் பொறுப்பான நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படலாம். உரிமையில்லாத ஒருவரை எல்லை கடத்தி ஏற்றிச் சென்றார் என்று ஓட்டுநர்மீதும் குற்றம் சாட்ட இடமுண்டு.

ஆகவே நால்வரும் ஒன்றாகச் செல்வதாயின் அந்தக் கார் 2,400 கி.மீ. வழியில்தான் போக வேண்டும். மூவருடைய உரிமை ஒருவருக்கு வழி தருவதில்லை; ஒருவருடைய உரிமையின்மை மூவருடைய வழியையும் நீட்டிவிடுகிறது. ஒரு முழு நாள் முன்னதாகப் புறப்பட வேண்டும். ஆலையில் ஒரு நாள் கூடுதல் விடுப்புக் கேட்க வேண்டும். ஓரிரவு கூடுதலாக எங்கோ தங்க வேண்டும். பயணத் திட்டம் வரைபடத்தில் தொடங்குவதில்லை என்று இங்கே காண்கிறோம். காரில் ஏறுவோர் ஒவ்வொருவரின் கையிலும் என்ன தாள் இருக்கிறது, அது எந்த நாள் வரை செல்லும் என்பதில் தொடங்குகிறது.

மூன்றாமவரின் ஆவணத்தையும் ஒரு கணம் நோக்க வேண்டும். அகதிப் பயண ஆவணம் உலகின் பல நாடுகளுக்குச் செல்லும். எந்த நாட்டை விட்டு அவர் அஞ்சி வந்தாரோ அந்த நாட்டுக்கு மட்டும் செல்லாது. கிர்க்கனெசிலிருந்து ஆஸ்லோவுக்கு அவர்க்கு இரண்டு வழிகள் உண்டு. குருநகருக்கு ஒன்றும் இல்லை.

நம் மாணவர்க்கும் இதில் செய்தி உண்டு. மேற்படிப்புக்கோ உறவினரைக் காணவோ இந்தியாவிலிருந்து செல்பவர் குறுங்கால ஷெங்கன் விசா பெற்றால், எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாள்களுக்குமேல் தங்க இயலாது. விண்ணப்பத்தை எந்த நாட்டின் தூதரகத்தில் தர வேண்டும் என்பதைப் பயணத் திட்டமே முடிவு செய்கிறது. எந்த நாட்டில் அதிக நாள்கள் தங்குகிறோமோ அந்நாட்டுக்கு. நாள்கள் சமமாயின் முதலில் நுழையும் நாட்டுக்கு. ஆறு மாதத்துக்கு முன்னதாகவோ பதினைந்து நாள்களுக்குக் குறைவாகவோ விண்ணப்பிக்க இயலாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். கார் ஓட்ட விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற்றுச் செல்ல வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும். வாடகைக் கார் எடுப்போர் எந்தெந்த நாட்டுக்குள் ஓட்டப் போகிறோம் என்பதை முன்னரே எழுதிக் கொடுத்து இசைவு பெறாவிடில், காப்பீடு எல்லையோடு நின்றுவிடக்கூடும்.

திறந்த வழியும் என்றைக்கும் திறந்தே இருக்கும் என்பதற்கில்லை. கொரோனாத் தொற்றின்போது, 2020 மார்ச்சில், இந்நாடுகள் எல்லைக் கட்டுப்பாடுகளை மீண்டும் கொண்டுவந்தன. தோர்னியோவும் ஸ்வீடனின் ஹபராண்டாவும் ஒரே ஊர்போல் கலந்து வாழ்பவை. அவற்றின் நடுவே அப்போது வேலி எழுந்தது. கிழக்கே ருஷ்யாவுடனான சாலைக் கடவைகளைப் பின்லாந்து 2023-ஆம் ஆண்டின் இறுதியில் மூடிவிட்டது. கிர்க்கனெசிலிருந்து மர்மான்ஸ்க் வழியாகச் சுற்றி வரலாம் என்று பழைய வழிகாட்டி நூலைக் கொண்டு திட்டமிடுபவர் ஏமாறுவர்.

வழியின் ஏதம்

தாள் முறையாக அமைந்தபின் மலைபடுகடாம் நமக்கு மீண்டும் துணைக்கு வருகிறது. பெருங்கௌசிகனார் யானையைச் சொன்ன இடத்தில் இங்கே கலைமானையும் எல்க் என்னும் பெருமானையும் வைத்துக்கொள்ள வேண்டும். வட பின்லாந்தில் கலைமான்கள் கூட்டமாகச் சாலையில் வந்து நிற்கும். ஒலி எழுப்பினாலும் எளிதில் விலகா. அவை காட்டு விலங்குகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. மோதினால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எல்க் அதைவிடக் கொடியது. நெடுங்கால் உடைய அவ்விலங்கின் கால்களில் கார் மோதினால், அதன் பேருடல் முன்கண்ணாடியின்மேல் விழும். அந்தி வேளையிலும் விடியலிலும் அது மிகுதியாக நடமாடும். விடிந்தபின் செல்லுங்கள் என்ற பழைய அறிவுரை ஈராயிரம் ஆண்டு கழித்தும் மாற்றமின்றிப் பொருந்துகிறது.

குளிர்காலத்தில் செல்வோர் பனிக்காலச் சக்கரம் பூட்டியிருக்க வேண்டும். சாலையின் நிலை கோரும்போது, பின்லாந்தில் நவம்பர் முதல் மார்ச் வரையிலும் ஸ்வீடனில் டிசம்பர் முதல் மார்ச் வரையிலும் அது சட்டக் கட்டாயம். இரவில் நிறுத்திய காரின் எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க, மின்கம்பியால் அதைச் சூடாக்கும் ஏற்பாட்டைத் தங்குமிடத்தின் வண்டி நிறுத்துமிடங்களில் காணலாம். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். நார்வேயின் மலைக்கணவாய்களில் பனிப்புயல் வீசும்போது சாலையை முற்றிலும் மூடிவிடாமல், பனியை வாரும் வண்டி ஒன்றை முன்னே விட்டு, கார்களை அதன்பின் வரிசையாக அழைத்துச் செல்லும் முறை உண்டு. குறித்த நேரத்தில் தடுப்பின் முன் வந்து காத்திருப்பவர்க்கே அவ்வரிசையில் இடம். முன்வண்டியின் பின்விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. மூடுபனியில் கொடைக்கானல் மலை இறங்கிப் பழகியவர்க்கு அதில் ஒரு பாதி புரியும்.

சாலையின் இரு ஓரங்களிலும், முதற்பனி விழுமுன், ஆளுயரத்துக்கு மேற்பட்ட கோல்களை வரிசையாக நட்டு வைக்கின்றனர். பனி மூடியபின் சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அக்கோல்களே அடையாளம். புல்லை முடிந்து இடுங்கள் என்று கூத்தர்க்குச் சொன்னதன் வடபுல வடிவம் இது.

நம்மவர்க்கு மட்டும் உரிய இடர் ஒன்றுண்டு. நாம் இடப்புறம் ஓட்டிப் பழகியவர்கள்; அங்கே வலப்புறம். ஸ்வீடனும் முன்பு நம்மைப்போல் இடப்புறம் ஓட்டிய நாடுதான். அண்டையிலிருந்த நார்வேயும் பின்லாந்தும் வலப்புறம். எல்லை கடக்குந்தோறும் பக்கம் மாற வேண்டியிருந்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு அந்நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வலப்புறம் மாறியது. ஒரு நாடே ஒரு காலையில் செய்ததை நாம் ஒவ்வொருவரும் வாடகைக் காரில் ஏறிய முதல் அரைமணியில் செய்ய வேண்டியிருக்கிறது. சோர்ந்திருக்கும்போது கை பழைய பக்கத்துக்கே இழுக்கும். குறிப்பாக, ஆளில்லாச் சாலையில் நின்று மீண்டும் புறப்படும் கணத்தில்.

நாளொன்றுக்கு எவ்வளவு ஓட்டலாம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு வண்டி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். நாளொன்றுக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்குமேல் ஓட்டலாகாது. தனியார் காருக்கு அவ்விதி இல்லை. எனினும் அதையே நம் அளவாகக் கொள்வது அறிவுடைமை. அவ்வளவில் 1,900 கி.மீ. நான்கு நாள் வழி. முதல் இரவு ரோவனியெமி, இரண்டாம் இரவு ஊமியோ, மூன்றாம் இரவு சுண்ட்ஸ்வாலுக்கு அப்பால் ஏதேனும் ஓர் ஊர். இரண்டு நாளில் ஓடிவிட்டேன் என்று பெருமை பேசுவோர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைக் கொண்டு திட்டமிடலாகாது.

இரவில்லா நாட்டில் பொழுது

நாத்தாமோவில் நுழைந்ததும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ள வேண்டும். ஹபராண்டாவில் நுழைந்ததும் அதே ஒரு மணியைத் திரும்பப் பெறலாம். தோர்னியோவில் புத்தாண்டு கொண்டாடிவிட்டு ஆற்றைக் கடந்து ஹபராண்டாவில் மறுபடியும் கொண்டாடுவோர் உண்டு. இது எளிய கணக்கு. கடிகாரத்தால் தீராத கணக்கு கதிரவனுடையது. கிர்க்கனெசில் மே மாத நடுப்பகுதி முதல் ஜூலை இறுதிவாக்கு வரை கதிரவன் மறைவதில்லை. நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடு வரை எழுவதில்லை.

தொழுகையையும் நோன்பையும் பேணும் பயணிக்கு இது திட்டத்தின் ஒரு பகுதி. 2015-ஆம் ஆண்டு ரமலான் ஜூன் 18 அளவில் தொடங்கியபோது, அந்நகரில் அஸ்தமனம் என்பதே இல்லை. இத்தகைய இடங்களில் மக்காவின் நேரத்தையோ, இரவும் பகலும் பிரித்தறியத்தக்க அண்மை ஊரின் நேரத்தையோ பின்பற்றலாம் என்று மார்க்க அறிஞர் வழி காட்டியுள்ளனர். பயணிக்கு நோன்பைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கும் சலுகையும் உண்டு. எதைப் பின்பற்றுவது என்பதைச் சாலையோரத்தில் நின்று விவாதிப்பதைவிட, புறப்படுமுன் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நன்று.

இச்சிக்கலை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர், நம் மதுரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா. 1344 அளவில் மஃபர் எனப்பட்ட பாண்டிநாட்டுக் கரையில் இறங்கி மதுரையைக் கண்ட அவர், அதற்கு முன் வோல்கா ஆற்றங்கரையிலிருந்த புல்கார் நகருக்குச் சென்றதாகக் கூறுகிறார். அவர் உண்மையில் அங்குச் சென்றாரா என்பதில் ஆய்வாளர் ஐயம் கொண்டுள்ளனர். எனினும் அவர் தரும் செய்தி சுவையானது. ரமலானில் அங்கே மஃரிபு தொழுது நோன்பு திறந்து உண்டுகொண்டிருக்கும்போதே இஷாவுக்குப் பாங்கு ஒலித்தது. இஷாவும் தராவீஹும் தொழுது முடித்தவுடன் பொழுது விடிந்துவிட்டது.

அங்கிருந்து நாற்பது நாள் தொலைவிலுள்ள ‘இருள்நாட்டு’க்கும் போக அவர் எண்ணினார். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில்தான் செல்ல முடியும். வழியில் மரமோ கல்லோ வீடோ இல்லாததால், உணவும் நீரும் விறகும் சுமந்த வண்டிகள் நூறு வேண்டும். பலமுறை சென்று வந்த நாய் ஒன்றே வழிகாட்டி. அதன் விலை ஆயிரம் தீனார் வரை போகும். உணவு வேளையில் முதலில் நாய்களுக்கு இட்டபின்பே மனிதர் உண்ண வேண்டும். இல்லையேல் நாய் கோபித்துக்கொண்டு தலைவனைக் கைவிட்டுப் போய்விடும். செலவையும் பயனையும் கணக்கிட்டு, இப்பயணம் தகாது என்று அவர் விட்டுவிட்டார். உலகின் பெரும் பயணிகளுள் ஒருவர் திட்டத்தோடு நிறுத்திக்கொண்ட பயணம் அது. போகாமல் விடுவதும் திட்டமிடலில் அடங்கும்.

உணவும் உல்கும்

சிறுபாணாற்றுப்படையின் பாணனுக்கு ஊர்தோறும் விருந்து கிடைத்தது. வட பின்லாந்தில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே நூறு கி.மீ. காடு கிடக்கும், ஞாயிறு மாலையில் உணவகம் மூடியிருக்கும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவதே தக்கது. ஹலால் உணவு வேண்டுவோர்க்கு அது கட்டாயமும்கூட. புளிச்சோறும் சூட்டுக்குடுவையில் தேநீரும் இருந்தால் ரோவனியெமி வரை கவலையில்லை. எரிபொருள் நிலையம் கண்டபோதெல்லாம், பாதி இருந்தாலும், நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இந்தியாவிலிருந்து உணவு கொண்டு செல்வோர் திணை மயங்கிவிடலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரத் தடை உண்டு. மீனுக்கு இருபது கிலோ வரை இசைவு உண்டு. முல்லையின் நெய் விமான நிலையத்தில் குப்பைக்குப் போகும். நெய்தலின் கருவாடு உள்ளே வந்துவிடும். அதன் மணம்பற்றி உடன் பயணம் செய்வோர் சொல்வது வேறு கதை.

கடைசி எல்லை ஸ்வீடனிலிருந்து மீண்டும் நார்வேக்குள் நுழையும் இடம். கடவுச்சீட்டைப் பொறுத்தவரை அது எல்லையே அன்று. உல்கைப் பொறுத்தவரை அதுவே உண்மையான எல்லை. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத நாடு. ஸ்வீடனில் இறைச்சி விலை குறைவு என்பதால், எல்லையருகே வாழும் நார்வேக்காரர் காரில் போய் வாங்கி வருவது நெடுநாள் வழக்கம். திருமண வீட்டுக்குப் போகும் கார் வெறும் பெட்டியோடு எல்லை கடக்க வேண்டியதில்லை. ஆனால் ஐரோப்பியப் பொருளியல் வட்டாரத்திலிருந்து ஒருவர் வரியின்றிக் கொண்டுவரத்தக்க இறைச்சியும் பால்கட்டியும் சேர்ந்து பத்துக் கிலோ. நால்வர் இருந்தால் நாற்பது. அதற்குமேல் இருப்பின் பச்சை வழியில் செல்லாமல் சிவப்பு வழியில் காரை நிறுத்தி, உள்ளதைச் சொல்லி, சுங்கம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்லோ சாலையில் ஏறலாம்.